பெட்டி நின்ற இடம்

தண்ணீர் பிடிக்க நின்ற ரயிலிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்து, நீளமான பலகை ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். எவ்வளவு நீளம் என்று கேட்டேன். "ஒரு ஆள் நீளம்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சாரம் கட்டியதில் மிஞ்சிய பலகை ஒன்று கிடந்தது. இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு மூன்றாவது பெட்டிக்குப் போனோம்.

அது 1905, மே மாதம். நெவாடாவின் தெற்கே அந்த இடத்துக்கு அப்போது பெயர் கிடையாது. கம்பெனித் தாள்களில் பதினான்காம் நிறுத்தம் என்று போட்டிருக்கும். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு, கிளைத் தண்டவாளத்தில் சக்கரங்களோடு நிற்கும் பழைய சரக்குப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டிதான் ஸ்டேஷன். ஒரு பாதியில் தந்திக் கருவியும் மேசையும், மறு பாதியில் என் கட்டில். நான் ஆம்ப்ரோஸ் கில், அந்த ஸ்டேஷனின் மாஸ்டர், தந்தி குமாஸ்தா, பம்பு ஓட்டுபவன் எல்லாம். கால் மைல் தள்ளி, சொனோராவிலிருந்து வந்த எலிசேயோ ஆர்மெண்டா மேஸ்திரியும் அவருடைய ஐந்து ஆட்களும் கூடாரம் போட்டிருந்தார்கள். தண்டவாளத்தைப் பராமரிப்பது அவர்கள் வேலை. ஊர் என்று சொன்னால் நாங்கள் ஏழு பேர்தான்.

பலகையில் நாங்கள் இறக்கியவன் பெயர் ஐனார். நெஞ்சு நோய்க்காரன். கலிபோர்னியாவின் காற்று குணப்படுத்தும் என்று யாரோ சொல்லக் கேட்டு மினசோட்டாவிலிருந்து கிளம்பியிருக்கிறான். விடிகாலையில் மூச்சு நின்றுவிட்டது. அடுத்த ஊருக்கு ஏழு மணி நேரம், அந்த வெயிலில் அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது என்று கண்டக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பலகைக்குப் பின்னால் அவன் மனைவி இறங்கி வந்தாள். தொப்பி நேராக இருந்தது. கையுறைகூடக் கழற்றவில்லை. தரையைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"இங்க தோண்ட முடியுமா, இல்ல எல்லாம் பாறையா?"

அதுதான் தோரா என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

எலிசேயோ கடப்பாரையோடு நாலைந்து இடங்களைக் குத்திப் பார்த்தார். பெட்டிக்குக் கிழக்கே முந்நூறு தப்படி தள்ளி, தண்டவாளத்துக்குத் தெற்கில், சரளை மேடு ஒன்றில் மண் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. ஐந்து பேர் நான்கு மணி நேரம் தோண்டினார்கள். ரயில் அதற்குள் போய்விட்டிருந்தது. தோரா தன் துணிப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மண்ணைப் போட்டு மூடியதும் எழுந்து ஐந்து பேரிடமும் கைகொடுத்தாள்.

மறுநாள் கிழக்கே போகும் ரயிலில் அவளை ஏற்றிவிடுவது என்று பேச்சு. ரயில் வந்தது, போனது. அவள் ஏறவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். நான் எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள் எலிசேயோ ஆட்களின் அடுப்புப் பக்கம் போனவள், பானையைத் திறந்து அடிப்பிடித்த பீன்ஸைக் கரண்டியால் கிளறிப் பார்த்தாள்.

"இதைத் தின்னுட்டா அவ்வளவு ஆழம் தோண்டினீங்க?"

எலிசேயோ சிரிக்கவில்லை. "தின்னலம்மா. தள்ளி வச்சுட்டுத்தான் தோண்டினோம்" என்றார். அவள் சிரித்துவிட்டாள். பிறகு அதே கரண்டியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அன்று சாயங்காலம் சமையல் அவளுடையது.

ஊர்கள் எப்படி உண்டாகின்றன என்று பெரிய புத்தகங்களில் என்ன எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் உண்டானது இப்படித்தான்: தண்ணீருக்காக ரயில் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். தோரா ஒரு கூடாரத்தில் காபியும் ரொட்டியும் வைத்ததும் பன்னிரண்டு நிமிடம் இருபத்தைந்து ஆனது. இஞ்சின்காரர்கள் சாப்பிட இறங்கினார்கள். ரயில் அவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரிந்ததும், வடக்கே மலையில் வெள்ளி தோண்டுகிறவர்கள் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பினார்கள். வண்டி வந்தால் லாடம் அடிக்க ஆள் வேண்டும், கழுதைக்குத் தீவனம் வேண்டும். குளிர்காலத்துக்குள் பதினெட்டுக் கூடாரங்கள். ஜனவரியில் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு நீலநிற வரைபடம் வந்தது. பதினான்காம் நிறுத்தத்தில் செல்டன் என்ற ஊர் அமையப் போகிறது. அளவையாளர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். ஸ்டேஷன் கதவுக்கு நேர் எதிரே முதல் முளை அடித்து, அங்கிருந்து எல்லாத் தெருக்களையும் அளப்பார்கள். செல்டன் என்பவர் யார் என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த வரைபடத்தை மேசைமேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் பார்த்தேன். கதவிலிருந்து வடக்கே பிரதான வீதி. தண்டவாளத்துக்குத் தெற்கில், ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருநூற்றைம்பது தப்படியில் தொடங்கி நூறு தப்படி நீளத்துக்கு மாட்டுப் பட்டி. பண்ணைகளிலிருந்து ஓட்டி வரும் மாடுகளை ரயிலில் ஏற்றும்வரை அடைத்து வைக்கும் இடம். என் சுண்டுவிரலை வைத்து அளந்தேன். ஐனார் பட்டிக்கு நட்டநடுவில் இருந்தான்.

நான் தோராவிடம் போயிருக்க வேண்டும். அவள் கூடாரம் அறுபது அடி தூரத்தில்தான் இருந்தது. வெங்காயம் வதக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. போகவில்லை. பாவம், அவளுக்கு இந்தக் கஷ்டம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பதிலாக எலிசேயோவைத் தேடிப் போனேன்.

"மாஸ்டர், எனக்குச் சரியாப் புரியுதான்னு பாருங்க" என்றார் எலிசேயோ. "ஊரை நகர்த்தணும். அதுக்கு ஸ்டேஷனை நகர்த்தணும். ஸ்டேஷனுக்குச் சக்கரம் இருக்கு."

"ஆமா. மேற்க இருநூறு தப்படி. அப்ப பட்டி அவருக்கு நூத்தம்பது தப்படி முன்னாடியே முடிஞ்சிடும்."

அவர் என்னோடு மேற்கே நடந்து வந்தார். தப்படி எண்ணி முடித்த இடத்தில் நின்று, வடக்கே கிடந்த புதர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்வைக்குத் தரை சமதளம்தான். தேய்ந்த கம்பளத்தின் நடுப்பகுதி போல மெல்லிசாக ஒரு தாழ்வு. அவ்வளவே. எலிசேயோ குனிந்து, கிரியோசோட் என்னும் பாலைவனப் புதர் ஒன்றைக் கையால் விலக்கினார். தண்டில் காய்ந்த சுள்ளிகளும் வேர்களும் சுற்றியிருந்தன.

"இந்தக் குப்பை எந்த உயரத்துல மாட்டியிருக்கு பாருங்க."

முழங்கால் உயரத்தில் இருந்தது.

"எந்தக் காலத்துல வந்த தண்ணியோ" என்றேன். "நான் வந்து ரெண்டு வருஷத்துல மழைன்னு ஒண்ணை நான் பாக்கவே இல்ல."

"தண்ணிக்கு வழி மறக்காது, மாஸ்டர்."

"தள்ளுவீங்களா மாட்டீங்களா?"

எலிசேயோ என்னை ஒரு நிமிடம் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. "அந்தம்மா கையால எட்டு மாசமா சாப்பிடுறோம்" என்றார். "தள்ளுவோம். ஆனா நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தா என் பேரு வேணாம். எனக்கு நாலு பிள்ளைங்க."

ரகசியக் காரியம் என்றால் இருட்டு வேண்டும் என்பார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் செய்தோம். சுரங்கக்காரர்கள் எல்லாரும் மலைக்குப் போயிருந்தார்கள். தோரா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு, ஆறு கடப்பாரைகளைப் பின்சக்கரங்களுக்கு அடியில் கொடுத்து நெம்பினார்கள். முதல் அங்குலத்துக்குத்தான் கஷ்டப்பட்டது. அதற்குப் பிறகு பன்னிரண்டு டன் பெட்டி, பழக்கப்பட்ட மாடு போல முனகிக்கொண்டே நடந்தது. நான் தந்திக் கம்பியை அவிழ்த்து, மேற்கே தள்ளியிருந்த கம்பத்தில் இழுத்துக் கட்டினேன். சாயங்காலம் தோரா வந்து பார்த்துவிட்டு, "என்ன, வீடு மாத்திட்டீங்களா?" என்றாள். பம்புப் புகை தாங்கவில்லை என்று சொன்னேன். நம்பினாள்.

வியாழக்கிழமை அளவையாளர்கள் வந்தார்கள். என் கதவுக்கு எதிரே முதல் முளையை அடித்தார்கள். மார்ச்சில் கொடிகளும் எலுமிச்சைச் சாறுமாக ஒரு சிறப்பு ரயில் வந்தது. மனைகளை ஏலம் விட்டார்கள். அடுத்த வருடம் என் சரக்குப் பெட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த மர ஸ்டேஷன் கட்டினார்கள். அகலமான நடைமேடை, இரண்டு பக்கமும் படிக்கட்டு. எதிரே மூலையில் தோராவின் சாப்பாட்டுக் கடை. அதற்கடுத்து முடிதிருத்துபவர், மளிகைக் கடை, பிறகு ஆஸ்கர் விண்ட் என்பவரின் சேணக் கடை. ஆஸ்கர் முப்பது வயதுகூட ஆகாதவர். தோல் தைத்துக்கொண்டே விசிலடிப்பார். அவர் மனைவி மெர்சி உள்ளிருந்து, "அந்த ஒரு பாட்டுத்தான் தெரியுமா?" என்று கத்துவது ஸ்டேஷன்வரை கேட்கும். மூன்று வேளையும் நான் தோராவின் கடையில் சாப்பிட்டேன். ஞாயிறுதோறும் அவள் சரளை மேட்டுக்குப் போவாள். சில சமயம் நானும் கூடப் போவேன். மாடுகள் தூரத்தில், பட்டிக்குள் கத்திக்கொண்டிருக்கும். ஒரு காரியம் ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்று அப்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். 1910 வசந்தத்தில், ஐந்து வருடம் யோசித்து வைத்ததை அவளிடம் கேட்டேன். "இவ்வளவு நாள் எந்த ரயிலுக்குக் காத்திருந்தீங்க?" என்றாள். கோடை முடிந்ததும் கல்யாணம் என்று முடிவானது.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி பகல் மூன்று மணிக்கு எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை. வடக்கே மலைகள் மட்டும் கறுத்திருந்தன. நான் தந்தி வாங்கிக்கொண்டிருந்தேன். சரக்கு ரயில் வருகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் அந்த நேரத்துக்கு ரயில் எதுவும் கிடையாது. வெளியே வந்து பார்த்தேன். பிரதான வீதியின் மேல் முனையில் பழுப்பாக ஒரு சுவர், வேலிக்கட்டைகளையும் கோழிக்கூண்டுகளையும் சுமந்துகொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தது. தெருவின் அகலத்தை அது அளந்து வைத்த மாதிரி நிரப்பியது. கீழே தண்டவாளக் கரை தடுத்ததும், அதனடியிலிருந்த சின்ன மதகு போதாமல் அங்கேயே ஏறியது. ஜனங்கள் நடைமேடைக்கு ஓடி வந்தார்கள். தோரா ஒரு கையில் கடையின் சுவர்க் கடிகாரத்தோடு இடுப்பளவுத் தண்ணீரில் வந்தாள். நான் இழுத்து ஏற்றினேன். ஆஸ்கரும் மெர்சியைக் கொண்டுவந்து விட்டார். பிறகு லாயத்தில் குதிரைகள் கட்டியிருக்கின்றன என்று யாரோ சொன்னார்கள். அவரிடம் தோல் வெட்டும் கத்தி இருந்தது. திரும்பிப் போனார். ஒன்பது குதிரைகள் வெளியே வந்தன. அவரை மறுநாள் காலை தண்டவாளத்துக்கு அடியில், மதகு வாயில் கண்டெடுத்தோம்.

மூன்றாம் நாள் தோராவின் கடைக்குப் போனேன். அவள் அடுப்புக்குள் கையை விட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். தெரு அந்த இடத்தில் அமைந்ததற்கு நான்தான் காரணம் என்றேன். பெட்டியைத் தள்ளியதைச் சொன்னேன். புதரில் மாட்டியிருந்த குப்பையைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எதுக்குத் தள்ளினீங்க?"

"மாட்டுப் பட்டிக்குக் கீழ ஐனார் போயிடுவார்னு."

அப்போது கை நின்றது. அடுப்பின் விளிம்பில் மணிக்கட்டை வைத்தபடி, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அஞ்சு பேர் தோண்டின குழி. திரும்பத் தோண்டி வேற இடத்துல வச்சிருப்பாங்க. ஊரைத்தான் அப்படித் தூக்கி வைக்க முடியாது."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"இல்ல, ஆம்ப்ரோஸ். அது இல்ல." திரும்பினாள். கன்னத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. "வெளிய எடுத்துட்டா, அவரை மினசோட்டாவுக்கே கொண்டுபோயிடலாம்னு எனக்குத் தோணிடும். நானும் கூடவே போயிடுவேன். அதுக்குத்தான் பயந்தீங்க."

ஐந்து வருடமாக நான் எனக்குள் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காத வாக்கியம் அது. அவள் சொன்னதும்தான் அது எவ்வளவு காலமாக அங்கேயே இருந்தது என்று தெரிந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"போயிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அப்பவே கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப எப்படித் தெரியும்?" வாளியை எடுத்துக்கொண்டாள். "மெர்சிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் இங்க ஏன் நிக்கிறீங்க?"

அன்று மதியம் கம்பெனியின் பொறியாளர் ஹாலவே தனிப் பெட்டியில் வந்து இறங்கினார். ஊரில் சேறில்லாத அகலமான இடம் நடைமேடை மட்டும்தான் என்பதால் கூட்டம் அங்கேயே நடந்தது. படிகளில், மூட்டைகளின்மேல், காயப்போட்ட மெத்தைகளுக்கு நடுவே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மெர்சி ஒரு பெஞ்சின் ஓரத்தில், கணவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு. ஓடைக்குள் தெருவைப் போட்டது யார் என்று மளிகைக்காரர் கேட்டார். ஸ்டேஷன் எங்கே இருந்ததோ அங்கிருந்து அளப்பதுதான் வழக்கம் என்றார் ஹாலவே. ஸ்டேஷனை அங்கே வைத்தது யார் என்றார் மளிகைக்காரர்.

நான் எழுந்து சொன்னேன். காரணத்தையும் சொன்னேன், இரண்டு காரணத்தையும். என் குரல் எனக்கே தந்தி வாசிப்பது போலக் கேட்டது. முடித்துவிட்டு அங்கேயே நின்றேன். பிறகு முடிதிருத்துபவர், "ஒத்தை ஆளா தள்ளினீங்களா, சரக்குப் பெட்டியை?" என்றார். அங்கங்கே லேசாகச் சிரிப்பு. வெயிலில் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"ஒத்தை ஆளா இல்ல" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. எலிசேயோ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "கடப்பாரை எங்களோடது. குப்பையை அவருக்குக் காட்டினதும் நான்தான். காட்டிட்டுத் தள்ளவும் செஞ்சேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஹாலவே கையிலிருந்த பென்சிலைச் சட்டைப்பைக்குள் சொருகினார். "நான் இதை எழுதிக்கப் போறதில்ல" என்றார், கோபமில்லாமல். "ஒரு ஊர் இப்படி உருவாச்சுன்னு மேல யார்கிட்டயும் போய்ச் சொல்ல முடியாது. வரைபடத்துல ஸ்டேஷன் எங்க இருக்கோ அங்கதான் இருந்துது. தெருவோரமா ஒரு வாய்க்கால் வெட்டித் தர்றோம். பெரிய மதகா போட்டுத் தர்றோம்." என் பக்கம் திரும்பினார். "நீங்க நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க." தண்டனை என்று ஏதாவது தந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்று இருந்திருக்கும். அவர் அதையும் கொடுக்காமல் தன் பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மெர்சி பெஞ்சிலிருந்து எழுந்தாள். என் எதிரில் வந்து நின்றாள். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"முன்னாடி அந்தப் பெட்டி எங்க நின்னுது?" என்றாள். "காட்டுங்க."

தண்டவாளத்தின் ஓரமாகக் கிழக்கே நடந்தேன். அவள் பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் எலிசேயோ. பிறகு, எதற்கென்று தெரியாமலே, ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். ஊர் அந்தப் பக்கம் வளரவில்லை. இருநூறு தப்படி எண்ணி முடித்த இடத்தில், தண்ணீர்த் தொட்டியை விட்டால் புதர்களும் சரளையும்தான். பழைய கிளைத் தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்து எடுத்துவிட்டார்கள். கட்டைகள் கிடந்த தடம் மட்டும் ஏணி போல மண்ணில் இருந்தது. எலிசேயோ அதில் இடமும் வலமுமாக நகர்ந்து பார்த்துவிட்டு, ஓரிடத்தில் நின்று, "கதவு இங்க" என்றார். அவர் முதுகைத் தண்டவாளத்துக்குக் காட்டி வடக்கே பார்த்து நின்றார். தரை புழுதியாக, வெள்ளையாக, காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு நனைந்த அடையாளம் இல்லை.

மெர்சி அவரைக் கடந்து வடக்கே நடந்தாள். இடது பக்கம் கையை நீட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனாள். சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, மளிகை. நான்காவது இடத்தில் இடதுபுறம் திரும்பி, இல்லாத ஒரு வாசற்படியில் ஏறுவது போலக் காலை உயர்த்தி வைத்து, புதர்களுக்கு நடுவே நின்றாள். கோட்டின் கைகள் அவள் விரல்களை மூடித் தொங்கின.

முதலில் மளிகைக்காரர்தான் போனார். அவளுக்குப் பக்கத்தில், தன் கடையின் அகலத்தைத் தப்படியால் அளந்துகொண்டு நின்றார். பிறகு முடிதிருத்துபவர். பிறகு லாயக்காரர், தையற்காரியின் குடும்பம், பாதிரியார். வெயிலில் புதர்களுக்கு இடையே ஆளாளுக்கு நடந்து போய், தங்கள் இடத்தைக் கண்டுபிடித்து நின்றார்கள். நடுவில் ஓர் அகலத்தை மட்டும் தெருவுக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். அதில் யாரும் கால் வைக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். தோரா கடைசியாக வந்தாள். என்னைக் கடந்து போய், எலிசேயோவுக்கு நேர் எதிரே மூலையில் நின்று, ஏப்ரனில் கைகளைத் துடைத்தாள். அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று வெளிச்சத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"மெர்சி," என்று மளிகைக்காரர் மெதுவாகச் சொல்வது கேட்டது, "உங்க சுவர் இன்னும் ரெண்டடி அந்தப் பக்கம்."

மெர்சி கீழே பார்த்துவிட்டு, இரண்டடி நகர்ந்து நின்றாள்.